மொன்றியலிலிருந்து வந்த நாய்ச்சங்கிலி

எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதுதான் முன்திண்ணையில், குடை மாட்டும் ஆணிக்கு அடுத்த ஆணியில், ஒரு ஜோடி கறுப்பு ரப்பர் வளையம் தொங்குகிறது. வளையத்தோடு சேர்ந்து சங்கிலி, சங்கிலியில் குட்டிக் குட்டியாக இரும்பு முள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். "என்னா, நாய் வாங்கியிருக்கீங்களா?" என்பார்கள். "ஆமா, கனடா நாயி" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். விளக்கம் சொல்வது என் வேலை.

அது சப்பாத்துக்கு மேல் மாட்டிக்கொள்கிற சாமான். ஐஸ் படிந்த தெருவில் வழுக்காமல் நடப்பதற்காகச் செய்தது. வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஐஸ் கிளீட்ஸ் என்பது பொதுப்பெயர். என் கூட்டாளி மொன்றியலில் பிரெஞ்சு பேசுகிறவர்களோடு வேலை செய்வதால் கிராம்போன் என்பான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் நாலு வருஷம் கிடந்தவன், சாவகச்சேரிக்காரன்.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் ஊருக்கு வந்தான். சிவனொளிபாதமலை ஏறியே ஆக வேண்டும் என்று நின்றான். டிசம்பர் பௌர்ணமிப் போயாவோடு தொடங்கி வெசாக் வரைக்கும் போகிற சீசனின் முதல் வாரம். நல்லதண்ணியில் இரவு கிளம்பி, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படியேறி, 2243 மீற்றர் உயரத்தில் சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு இறங்கினோம். ஒரு படியில்கூட அவனுக்குக் கால் பிசகவில்லை. அந்தப் பெருமையை மஸ்கெலியா வரைக்கும் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தான்.

அப்புறம் எங்கள் தோட்டத்துக்கு வந்தோம். பெரிய ரோட்டில் இறங்கி லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போகக் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. தேயிலைக்கு நடுவே, தண்ணீர் ஓடும் கானை ஒட்டி, நேராகச் சரிவில் இறங்கும். முதல் நாள் மழை. பத்தடி போவதற்குள் முதல் தடவை உட்கார்ந்தான். எழுந்து, சிரித்து, தண்ணீர்ப் பீலி திரும்பும் இடத்தில் இரண்டாவது தடவை. கீழே பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காமார் சிரிக்கக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"மொன்றியல் ஐஸில கூட நான் இப்பிடி விழேல்ல மச்சான்."

"அங்க என்ன செய்வ?"

அப்போதுதான் பையின் ஓரத்துச் சின்ன அறையைத் திறந்து அந்தச் சங்கிலியை எடுத்தான். விமான நிலையத்துக்கு வெளிக்கிட்ட அன்று அங்கே உறைமழை. வாசலில் இருந்து டாக்சி வரைக்கும் இதைப் போட்டுக்கொண்டு வந்து, கழற்றி அப்படியே பைக்குள் சொருகியிருக்கிறான்.

உறைமழை என்பது நமக்குப் புதுச்சொல். மழையாகத்தான் விழும். தரை சுழியத்துக்குக் கீழே குளிர்ந்திருப்பதால் விழுந்த இடத்திலேயே கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். மரம், மின்கம்பி, படி எல்லாவற்றுக்கும் கண்ணாடி பூசியது போல. 1998 ஜனவரியில் அந்த ஊரில் நாள்கணக்காக இப்படிப் பெய்து, ஐஸின் பாரம் தாங்காமல் மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. இலட்சக்கணக்கானவர்கள் இருட்டிலும் குளிரிலும் கிடந்தார்கள். இவன் போவதற்கு வெகு முன்னால் நடந்தது. ஆனால் அங்கே கொஞ்சம் வயதானவர்கள் எவரிடமும் குளிரைப் பற்றி வாயைத் திறந்தால் அந்தக் கதையில்தான் போய் முடியுமாம்.

நடைபாதைக்கு உப்புப் போடுவார்கள். குளிர் கடுமையானால் உப்பு வேலை செய்யாது. அப்போது பொடிக்கல்லைத் தூவுவார்கள். அதையும் மீறி முதல் குளிர்காலத்தில் இவன் இரண்டு தரம் விழுந்தான். இரண்டாவது தரம் நாரியில் அடி. ஒரு மாதம் தலையணை வைத்துத்தான் கதிரையில் உட்கார்ந்தானாம்.

அவன் சொன்னதில் எனக்கு மனதில் தைத்தது வேறொன்று. இந்தச் சங்கிலியை அவன் காசு கொடுத்து வாங்கவில்லை. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. முதல் பனி விழுந்த கிழமை மேற்பார்வையாளர் ஒரு பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்து, புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போடாமல் போனால் ஏச்சு. முள் தேய்ந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

"கையெழுத்து எதுக்கு?"

"நான் விழுந்தா, எனக்குத் தந்தவையோ இல்லையோ எண்டு கேப்பினம்."

போகும்போது அதை அம்மாவுக்கு என்று விட்டுவிட்டுப் போனான். "அம்மா, மழைக்க போட்டுக்கொண்டு நடவுங்கோ." அம்மா கையில் வாங்கிப் பாரம் பார்த்தார். "எனக்கெதுக்குப்பா இது" என்று ஆணியில் மாட்டினார்.

சும்மா தொங்குவானேன் என்று நான் எடுத்துப் பார்த்தேன். மூக்குப் பக்கத்தைச் சப்பாத்தின் நுனியில் மாட்டி, குதிப் பக்கம் இருக்கிற காதைப் பிடித்து இழுத்தால் ரப்பர் நீண்டு கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. பெரிய சப்பாத்துக்கும் பொருந்தும், சின்னதுக்கும் பொருந்தும். அடியில் கால் ஒன்றுக்குப் பன்னிரண்டு முள், ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. குதிக்குக் கீழே நாலு, மிச்சம் எட்டும் முன்பாதத்துக்கு. குளிரில் விறைக்காமல் இழுபடுவதுதான் அந்த ரப்பரின் கெட்டிக்காரத்தனம். சாதாரண பிளாஸ்டிக் என்றால் அந்தக் குளிரில் படக்கென்று உடைந்துவிடும். எங்கள் கேகாலைப் பக்கத்து ரப்பராகக்கூட இருக்கலாம் என்று ஒரு ஆசையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதுவும் எழுதியிருக்கவில்லை.

இந்தச் சாமானிலேயே பல ஜாதி உண்டு. முள்ளுக்குப் பதிலாகச் சுருள்கம்பி வைத்தது ஒன்று. அது பட்டணத்து நடைபாதைக்கு. ரப்பரில் குமிழ் மாதிரித் தங்ஸ்டன் கார்பைட் பதித்தது இன்னொன்று. அது சீமெந்தில் தேய்ந்தாலும் சீக்கிரம் மழுங்காது. இவை எல்லாவற்றுக்கும் பெரியப்பா, மலையேறுகிறவர்கள் கட்டுகிற கிராம்போன். ஆல்ப்ஸில் ஆடு மேய்க்கிறவர்களும் வேட்டைக்காரர்களும் ஏற்கெனவே நாலைந்து முள் வைத்த இரும்பைக் காலில் கட்டிக்கொண்டுதான் திரிந்தார்கள். 1908இல் ஒஸ்கார் எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலேயர் பத்து முள் வைத்து அதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். அவர் தொழிலால் ரயில்வே எஞ்சினியர். இத்தாலியின் கூர்மாயோர் ஊரில் க்ரிவெல் என்ற கொல்லர் குடும்பம் அதை அடித்துக் கொடுத்தது. ஐஸில் படி வெட்டி வெட்டி ஏறிக்கொண்டிருந்த ஆட்கள் அதற்குப் பிறகு வெட்டாமலே நடக்கத் தொடங்கினார்கள். படி வெட்டுவதுதான் வீரம், இது குறுக்குவழி என்று முறைத்த பழைய ஆட்களும் இருந்தார்கள்.

முள் ஏன் ஐஸைப் பிடிக்கிறது என்பது லேசான கணக்கு. ஐஸின் மேலே எப்போதும் தண்ணீர் போல ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மைக்கேல் பரடே 1850இலேயே இதைச் சொல்லிவிட்டார். சுழியத்துக்குப் பக்கத்தில் அது கூடும். அதனால்தான் கடுங்குளிர் ஐஸைவிட உருகப் பார்க்கிற ஐஸ் மோசமாக வழுக்குகிறது. ரப்பர் அடிப்பாகம் அந்தப் படலத்தின் மேல் மிதக்கும். முள்ளோ முழு உடம்பின் பாரத்தையும் ஊசிமுனை அளவு இடத்தில் இறக்கி, படலத்தைத் தாண்டி உள்ளே குத்தும். ஐஸ் முள் இறங்கும் அளவுக்கு மெதுமை, இறங்கிய முள்ளை விடாத அளவுக்குக் கடினம். இரண்டும் ஒன்றாக அமைந்த தரை அது.

எங்கள் தரை அப்படியில்லை என்பதை ஒரே காலையில் கற்றுக்கொண்டேன்.

குறுக்குப் பாதையில் முதல் பத்தடி ராஜநடை. அப்புறம் கால் கனத்தது. பார்த்தால் சங்கிலிக்கு நடுவே களிமண் அப்பி, முள் இருந்த இடமே தெரியவில்லை. ஒவ்வொரு காலிலும் ஒரு செங்கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது போல் இருந்தது. களிக்கு அடி இல்லை. முள் போய் நிற்பதற்குக் கீழே கெட்டியாக ஒன்றும் இல்லை. களியோடு களி உரச, முன்பைவிட நன்றாக வழுக்கியது. லயத்துக்கு ஏறும் கருங்கல் படி இதற்கு நேர் எதிர். வெள்ளைக்காரன் காலத்துப் படி, நடுவில் தேய்ந்து பள்ளமாகி, ஓரமெல்லாம் பாசி. பாசி தடிப்பாக இருக்கும் இடத்தில் முள் அதைக் கிழித்துப் பிடித்துக்கொண்டது, சந்தோஷம். வெறும் கல்லில் முள் இறங்கவே இல்லை. கிறீச்சென்று ஒரு சத்தம், பல் கூசும். அங்கே பிடிக்க வேண்டியது ரப்பர், ஆனால் ரப்பர் கல்லைத் தொடவிடாமல் முள் தூக்கி வைத்திருக்கிறது.

ஈரப் புல்சரிவில் மட்டும் அது பொன். லைன் முடிந்து மரக்கறித் தோட்டத்துக்கு இறங்கும் புல்லில் கைவீசிக்கொண்டு இறங்கினேன். அந்தத் தைரியத்தில் கவ்வாத்து வெட்டிய மலைக்குள் நுழைந்தேன். வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள் சங்கிலியில் சிக்க, குப்புற விழப் பார்த்தேன். அட்டைகளுக்கு முள்ளைப் பற்றிய பயம் எதுவும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பெரிய விழுகை பிற்பாடு. திரும்பி வரும் வழியில் மாமா கடையில் சீனி வாங்கப் போனேன். மாமா அந்த மாதம்தான் கடைக்கு டைல்ஸ் போட்டிருந்தார். காலில் சங்கிலி இருப்பதே மறந்துபோச்சு. வாசலைத் தாண்டி இரண்டாவது எட்டில் இரண்டு காலும் இரண்டு பக்கம் போக, சீனிப் பையோடு அரிசி மூட்டையின் மேல் போய் விழுந்தேன். "டைல்ஸில கோடு விழுந்திருச்சாடா?" என்பதுதான் மாமாவின் முதல் கேள்வி. பிறகு போனில் சொன்னபோது கூட்டாளி சிரிக்கவில்லை. அங்கே எல்லாரும் கடை வாசலில் குனிந்து கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்களாம். வழவழப்பான தரையில் இரும்பு முள்ளோடு நடப்பது ஐஸில் நடப்பதைவிட ஆபத்து. சாமானோடு வருகிற தாளில் முதல் எச்சரிக்கையே அதுதான்.

அப்பா உயிரோடு இருந்த காலத்தில் வேறொரு வித்தை செய்வார். கவ்வாத்துக்குப் போகும்போது கம்பூட்ஸுக்குக் குறுக்கே தும்புக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே முடிச்சுப் போடுவார். களி அப்பினால் கல்லில் இரண்டு தட்டு, உதிர்ந்துவிடும். அறுந்தால் வேறு கயிறு. செலவில்லை. ஏதோ இல்லாதபட்டவர்களின் ஒட்டுவேலை என்றுதான் அப்போது நினைத்தேன். நியூசிலாந்தில் டனீடின் என்று ஒரு மேட்டு ஊர் இருக்கிறது. அங்கே ஐஸ் படிந்த சரிவு நடைபாதையில் சப்பாத்துக்கு மேலே காலுறையைப் போட்டு நடந்தால் வழுக்குவது குறைகிறதா என்று ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் முறையாகச் சோதனை செய்தார்கள். குறைகிறது என்றே முடிவு வந்தது. 2010இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிக்கவைத்துவிட்டுச் சிந்திக்கவைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. அதை வாசித்த அன்று அப்பாவின் தும்புக்கயிறு ஞாபகத்துக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சங்கிலி வேலைக்கு ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் ஊரில் அது வேலைக்கு ஆகும். அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஏற்கெனவே விழுந்த அனுபவமுள்ள 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சுருள்கம்பி வகையைக் கொடுத்து ஒரு குளிர்காலம் முழுக்கக் கணக்கு வைத்தார்கள். 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில், போட்டவர்கள் வெளியில் விழுவது நன்றாகவே குறைந்தது. அந்தத் தரைக்கு அந்தச் சாமான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எங்கள் தரைக்கு என்ன சாமான் என்று யார் யோசித்தார்கள்? எனக்குள் அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

அம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவர். படங்கைக் கட்டி, தலையில் கொங்காணியைப் போட்டு, நிறை கூடையோடு சரிவில் இறங்குவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன எட்டாக, பாரம் எப்போதும் முன்னங்காலின் மேல். கனடாவில் ஐஸில் நடக்க பெங்குவின் மாதிரி நட என்று சுவரொட்டி ஒட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்களே, ஏறக்குறைய அதேதான். ஒரு வித்தியாசம், அம்மாவுக்குக் காலில் ஒன்றும் இருக்காது. "செருப்புப் போட்டா வார் அறும், சப்பாத்துப் போட்டா மண்ணு தெரியாது. பெருவிரலக் குத்தி எறங்கணும்" என்பார். வெறுங்காலுக்கும் விலை இருந்தது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து காலின் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் ஏறும். முதலாம் உலகப்போர்க் காலத்தில் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து மருந்து கொடுத்த அளவுக்கு அந்த நோய் இங்கே இருந்தது.

2011 ஜூலை. நாள் முழுக்க விடாத மழை. ஏழாம் நம்பர் மலையில் இருந்து கொழுந்து நிறுக்க இறங்கும்போது அம்மா விழுந்தார். கூடையை விட்டிருந்தால் கை தப்பியிருக்கும். கூடையைப் பிடித்தார், மணிக்கட்டு போனது. கங்காணி ஓடிவந்து முதலில் சொன்ன வார்த்தை: "பாத்து வரக்கூடாதா?" அவர் கெட்டவர் இல்லை. அன்று பின்னேரம் அம்மாவை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான். ஆனால் அந்த வார்த்தை அப்படியே ஆபீசுக்குப் போய், "சொந்தக் கவனயீனம்" என்று தாளில் ஏறியது. இரண்டு மாதம் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. கொழுந்து சிந்தாததால் அன்றைய நிறை மட்டும் முழுசாக விழுந்தது.

வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1934இல் இருந்து இருக்கிறது. வேலை நேரத்தில் வேலையால் வந்த காயத்துக்கு நட்டஈடு கேட்க அதில் வழியுண்டு. இது எனக்குத் தெரிந்தது நான் வாத்தியாராகி ஹட்டனில் வேலைக்குச் சேர்ந்த பிறகு. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இல் வந்தது. அது ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், தரை எப்படி இருக்க வேண்டும், படிக்குக் கைப்பிடி வேண்டும் என்றெல்லாம் பேசும். மலை ஸ்டோர் இல்லை. அங்கே தரையைப் பற்றி நடப்பவர்தான் யோசிக்க வேண்டும். மொன்றியலில் என் கூட்டாளி விழுந்தால் முதல் கேள்வி "கொடுத்தீர்களா?" எங்கள் மலையில் விழுந்தால் முதல் கேள்வி "பார்த்து வரக்கூடாதா?" இரண்டு ஊரிலும் வழுக்கியது கால்தான்.

நான் முள் வைத்த சப்பாத்தை எல்லாருக்கும் கொடுங்கள் என்று கேட்கவில்லை, அது களியில் என்ன பாடு பட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். ஏழாம் நம்பருக்கு இறங்குகிற இடத்தில் பத்துப் படி வெட்டி, கல் பதித்து, பிடிக்க ஒரு கம்பி கட்டினால் போதும். சிவனொளிபாதமலையில் சீசனுக்கு வருகிறவர்களுக்காகக் கம்பி இருக்கிறதே. வருஷம் முந்நூறு நாள் அதே சரிவில் இறங்குகிறவர்களுக்கு இருந்தால் என்ன?

இந்த ஜனவரியில் கூட்டாளி வீடியோவில் கூப்பிட்டான். வாசலில் நின்றுகொண்டு போனைத் திருப்பித் தெருவைக் காட்டினான். வெள்ளைக்கு மேலே ஏதோ கறுப்பாகத் தூவிக் கிடந்தது. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்னப்பா அது, சாம்பலா?"

"இல்லையம்மா, பொடிக்கல்லு. வழுக்காம இருக்க மாநகரசபை போடுறது."

"நாங்களும் அதத்தானே செய்யிறோம்" என்றார் அம்மா. உண்மைதான். மழைக்காலத்தில் விடிந்ததும் அம்மா அடுப்புச் சாம்பலைப் பழைய பால்மா டின்னில் அள்ளி, வாசலில் இருந்து கருங்கல் படி வரைக்கும் தூவிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். பக்கத்துக் காம்பராக்காரர்களும் அப்படித்தான். பத்து மணி மழைக்கு அது கரைந்து கானுக்குள் போய்விடும். நாளைக்கு மறுபடியும் தூவ வேண்டும்.

பிறகு அம்மாவே கேட்டார், "அந்தச் சங்கிலிய அவனுக்கே அனுப்பிரு. அவனுக்குத்தானே அங்க தேவப்படும்." தபால் கந்தோரில் விசாரித்தேன். அனுப்புகிற காசுக்கு அவன் அங்கேயே புது ஜோடி வாங்கிவிடலாம் போலிருந்தது. அதனால் ஆணியிலேயே தொங்குகிறது. போன வாரம் மாமா வந்து, கடை வாசலில் கட்டுகிற நாய்க்குச் சங்கிலி அறுந்துபோய்விட்டது, இதைத் தருவீர்களா என்று கேட்டார்.